காலியாக விடக்கூடாத கட்டம்

போன மாதம் பிரியா போன் செய்தாள். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள். "மேடம், ஒங்க காலத்துல ஃபர்ஸ்ட் இயர் பசங்ககிட்ட இலக்கு எழுதி வாங்குவீங்களே, அத எப்படி சமாளிச்சீங்க?" என்று கேட்டாள். என் காலமாம்! நான் ஓய்வு பெற்று இன்னும் இரண்டு வருடம்கூட முழுசாக ஆகவில்லை.

விஷயம் இதுதான். கல்லூரியில் இப்போது காகிதப் படிவம் கிடையாது, செல்போனில் ஒரு செயலி. பொறியியல் முதலாண்டில் சேரும் ஒவ்வொருவரும் முதல் வாரத்திலேயே தன் வாழ்க்கை இலக்கை இருநூறு சொற்களில் எழுத வேண்டும். எந்தெந்த மன்றங்களில் சேரப்போகிறார் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லோரும் அனுப்பிவிட்டார்கள். எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. 'சமுதாயத்திற்குப் பயன்படும் புதுமைகளைப் படைப்பதில் தீராத ஆர்வம் கொண்டவன் நான்' என்றுதான் பாதிக்கு மேல் தொடங்குகிறதாம். கம்ப்யூட்டரிடம் சொல்லி எழுதி வாங்கியிருக்கிறார்கள். பெண்பிள்ளைகள் சிலர் 'கொண்டவன்' என்பதைக்கூட மாற்றவில்லை.

"திருப்பி அனுப்பினா அதையே மறுபடியும் அனுப்பறாங்க மேடம். தல வலிக்குது."

"கம்ப்யூட்டர் இல்லாதப்பவும் இதே தலவலிதான்டி," என்றேன். அதற்கு மேல் போனில் சொல்ல முடியவில்லை. அவள் கேட்டது படிவத்தைப் பற்றி. எனக்கு நினைவு வந்தது ஒரு பெண்ணைப் பற்றி. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரி. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் முடித்துவிட்டு, சிதம்பரத்துக்கு இந்தப் பக்கம் அந்தப் பொறியியல் கல்லூரி தொடங்கிய புதிதில் தட்டச்சராகச் சேர்ந்தேன். தினமும் காலையில் சிதம்பரம் பஸ். முதல் ஆறேழு வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அடித்தேன், பிழை கண்டுபிடித்தார்கள், மறுபடி அடித்தேன். பிறகு மாணவர் பிரிவுக்கு மாற்றினார்கள். படிப்புச் சான்று, பஸ் பாஸ், அடையாள அட்டை, மாற்றுச் சான்றிதழ் என்று ஒரு மாணவன் உள்ளே நுழைவதிலிருந்து வெளியே போவது வரைக்கும் எல்லாக் காகிதமும் எங்கள் மேசை வழியாகத்தான் போகும். ஓய்வு பெறும்போது அந்தப் பிரிவுக்குக் கண்காணிப்பாளர்.

முதலாண்டு விவரப் படிவம் இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் பெயர், ஊர், ரத்த வகை, பெற்றோர் தொழில். இரண்டாம் பக்கத்தில் இரண்டே கட்டங்கள். ஒன்று, 'நான்கு ஆண்டுகளில் தாங்கள் அடைய விரும்பும் இலக்கு.' இன்னொன்று, 'பங்கேற்க விரும்பும் மன்றம், குறைந்தது ஒன்று.' அதில் பதினோரு மன்றங்களின் பெயர்கள் இருக்கும், டிக் போட வேண்டும். கடைசியில் எறும்பு மாதிரி எழுத்தில் 'மேலே கண்டவை யாவும் உண்மை என உறுதியளிக்கிறேன்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே கையெழுத்து.

பதினேழு வயசுப் பிள்ளைகள். கல்லூரியில் கேன்டீன் எங்கே இருக்கிறது என்றே இன்னும் தெரியாது. அவர்களிடம் நான்கு வருட இலக்கைக் கேட்டால் என்ன எழுதுவார்கள்? 'கனடா' என்று ஒரே சொல்லில் எழுதியவன் உண்டு. ஒரு தேர்வுகூட எழுதுவதற்கு முன்பே 'அரியர் இல்லாமல் முடிப்பது' என்று எழுதியவர்கள் நிறையப் பேர். ஒரு வருடம் மெக்கானிக்கல் வகுப்பில் ஒரு வரிசை பெஞ்சு முழுக்க 'மேற்படி' என்று எழுதியிருந்தார்கள். தனித்தனிப் படிவத்தில் மேற்படி! எதன் மேற்படி என்று பெஞ்சு பெஞ்சாகத் தேடிக்கொண்டு போனால், முதல் பெஞ்சில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த பையன் 'டாக்டர் ஆவது' என்று எழுதியிருந்தான். மருத்துவ இடம் கிடைக்காமல் வந்தவன். வகுப்பில் ஒரு வரிசையே டாக்டராகப் போகிறது, மெக்கானிக்கல் படித்துவிட்டு.

மன்றங்களிலும் அதே கதைதான். பாதிப் பேர் பதினொன்றுக்கும் டிக் போடுவார்கள். ஒன்றுக்கும் போக மாட்டார்கள்.

சிரித்துவிட்டுக் கட்டி வைத்திருப்பேன். ஆனால் எங்கள் டீன் தாமோதரன் சார் ஒவ்வொரு படிவத்தையும் பார்ப்பார். ஒவ்வொன்றையும். அவர் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க மாட்டார், எழுதியிருக்கிறதா என்று பார்ப்பார். மாணவர் விவகாரங்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர். நான் பார்த்த அதிகாரிகளில் குரலை உயர்த்தாத ஒரே ஆள். படிவத்தில் ஏதாவது ஒரு கட்டம் காலியாக இருந்தால் என்னைக் கூப்பிடுவார். காகிதத்தை மேசைமேல் வைப்பார். ஒரே விரலால் அதைத் தள்ளித் தள்ளி, எழுத்துகள் என் பக்கம் நேராகத் தெரியும் வரைக்கும் திருப்புவார். அப்புறம் அந்த விரலைக் காலிக் கட்டத்தின்மேல் வைத்துவிட்டு, ஜன்னல் வழியாக வெளியே பார்க்க ஆரம்பிப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். நானாக "வாங்கிட்டு வரேன் சார்" என்று சொல்லும் வரைக்கும் விரல் எடுபடாது. கத்தினால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். விரலிடம் எப்படிச் சண்டை போடுவது?

ஏழெட்டு வருடங்களுக்கு முன் ஒரு ஆவணி மாதம். ஆய்வுக் குழு வரப்போகிறது என்று கல்லூரி முழுக்கச் சுண்ணாம்பு வாசனை. திங்கட்கிழமை அவர்கள் வருகிறார்கள். முதலாண்டுப் படிவங்களை வகுப்புவாரியாகத் துளையிட்டு, டேக் கோர்த்து, முன்னால் பெயர்ப்பட்டியல் வைத்துச் சனிக்கிழமைக்குள் கட்டிவிட வேண்டும். சிவில் வகுப்பில் ஒரே ஒரு படிவம் மட்டும் திரும்பி வந்துகொண்டிருந்தது.

அந்தப் பெண் பெயர் ஷமீமா. லால்பேட்டையிலிருந்து வருபவள். காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ்ஸில் சிதம்பரம் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துக் கல்லூரிக்கு வருவாள். அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, வெளிநாட்டில் வேலை. வீட்டில் அம்மா. வெளிப் பொறுப்புகளை அம்மாவின் தம்பி பார்த்துக்கொண்டார். முதல் பக்கம் முத்து முத்தாக நிரப்பியிருந்தாள். இரண்டாம் பக்கத்தில் கையெழுத்து மட்டும் இருந்தது. இரண்டு கட்டங்களும் வெள்ளையாக இருந்தன.

கூப்பிட்டு அனுப்பினேன்.

"இலக்கு எழுதலையே?"

"தெரியல மேடம்."

"என்னாது தெரியல?"

"நாலு வருஷத்துல என்னா ஆகணும்னு தெரியல. இப்பதான வந்திருக்கேன்."

"எல்லாரும் எழுதியிருக்காங்களே."

"அவுங்களுக்குத் தெரிஞ்சிருக்கும் மேடம்."

திமிராகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கும் என்று நம்பித்தான் சொன்னாள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"சரி, ஏதாவது ஒரு மன்றத்துக்காவது டிக் போடு."

"நாலு மணி பஸ்ஸ விட்டா அடுத்தது ஆறு பத்துக்குத்தான் மேடம். லேட்டா போனா வீட்டுல விடமாட்டாங்க. சேர முடியாது."

"யாரு ஒன்னப் போகச் சொன்னா? டிக் போடு, போதும்."

அவள் படிவத்தைத் திருப்பிக் கடைசி வரியைக் காட்டினாள். "இதுல உண்மைன்னு உறுதி குடுக்கறேன்னு இருக்கு மேடம். கையெழுத்து வேற போட்டுட்டேன்."

அத்தனை வருடங்களில், ஆயிரக்கணக்கான பேரில், அந்த எறும்பு வரியைப் படித்த ஒரே ஆள் அவள்தான். நானே அதற்கு முன் அதை முழுசாகப் படித்தேனா என்று எனக்குச் சந்தேகம். பாராட்டியிருக்க வேண்டும். "எழுதிட்டு வா" என்று விரட்டினேன்.

மறுநாள் இலக்குக் கட்டத்தில் 'தெரியவில்லை' என்று பென்சிலால் எழுதிக் கொண்டுவந்தாள். டீனிடம் போனது. விரல் வந்தது. இந்தத் தடவை வாயையும் திறந்தார். "தெரியவில்லைன்னு ஒரு இலக்கு இருக்கா ஸ்டெல்லாம்மா?"

அழித்துவிட்டு மறுபடி அவளைக் கூப்பிட்டேன். மறுபடியும் அதே பேச்சு. வெள்ளிக்கிழமை மூன்றாவது தடவை. அன்றைக்கு எனக்குக் காலையிலிருந்து நிற்க நேரமில்லை. ஆய்வுக் குழுவுக்கு வைக்கும் கோப்புகளின் அட்டைகள் வந்து சேரவில்லை. இவள் எதிரில் நின்றுகொண்டு, மெதுவாக, மரியாதையாக, "செய்யாத ஒண்ண எப்படி மேடம் எழுதறது?" என்கிறாள். அறைய வேண்டும் போல இருந்தது. "போ, கிளாசுக்குப் போ," என்றேன்.

அவள் போனதும் பேனாவை எடுத்தேன். அவள் எழுதியதும் நீல மை, என்னுடையதும் நீல மை. 'கட்டுமானத் தொழிலில் சிறந்த பொறியாளர் ஆவது' என்று எழுதினேன். மன்றங்களில் முதலில் இருந்த சமூக சேவை மன்றத்துக்கு ஒரு டிக் போட்டேன். அரை நிமிஷ வேலை. டீன் பார்த்தார், பச்சை மையில் சுருக்கொப்பம் வைத்தார். சனிக்கிழமை மத்தியானம் டேக் கோர்த்தேன். ஆய்வுக் குழு வந்தது, அட்டையைத் தொட்டுப் பார்த்தது, டீ குடித்தது, போயிற்று. ஒருவரும் உள்ளே பிரிக்கவில்லை.

என்னைப் பொறுத்தவரை அது முடிந்துபோன விஷயம். அலுவலகத்தில் எதுவும் தானாக முடிவதில்லை என்று அவ்வளவு வருடம் வேலை பார்த்தவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

டிக் போட்டவர்களின் பெயர்கள் எல்லாம் அந்தந்த மன்றத்துக்குப் போயின. சமூக சேவை மன்றம் சனிக்கிழமை மத்தியானங்களில் கூடும், கலைய ஐந்து மணி ஆகும். வருகைப் பதிவு உண்டு. தொடர்ந்து வராதவர்களின் பட்டியல் எங்கள் பிரிவுக்கு வரும். நாங்கள் பெற்றோருக்குக் கடிதம் அனுப்புவோம். அச்சடித்த கடிதம், பெயரை மட்டும் நிரப்ப வேண்டியது. 'தங்கள் மகன் / மகள் தாமே விரும்பிச் சேர்ந்த மன்றத்தின் சனிக்கிழமைக் கூட்டங்களுக்குத் தொடர்ந்து வருவதில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறோம்.' பெயர்களை உதவியாளர் நிரப்பினார். நான் வரிசையாகக் கையெழுத்துப் போட்டேன். யாருக்குப் போகிறது என்று பார்க்கவில்லை. ஷமீமாவின் வீட்டுக்குப் போன கடிதத்திலும் என் கையெழுத்துத்தான்.

தீபாவளிக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை. ஷமீமாவும் அவள் மாமா ஜாபரும் வந்தார்கள். நாற்பது வயசு இருக்கும். காட்டுமன்னார்கோயிலில் ஒரு அரிசி மில்லில் வேலை. சட்டைப்பையிலிருந்து எங்கள் கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். ஷமீமா சுவரை ஒட்டி நின்றாள். அழுது முடித்த முகம்.

"டி.சி. வேணும்மா," என்றார்.

"ஏங்க, என்னாச்சு?"

"சனிக்கெழம அர நாள்தான் காலேஜு, இவ எப்பவும் நாலு மணி பஸ்ஸுலதான் வரா. கேட்டா டிராயிங் ஹால்ல வரஞ்சிட்டு இருந்தேன்னு சொல்லுவா. நாங்களும் நம்புனோம். இப்ப காலேஜ்லேந்து லெட்டர் வருது, சனிக்கெழம கூட்டத்துல பேரு குடுத்துட்டு அங்கியும் வர்றதில்லன்னு. அப்ப எங்க போறா? நாங்க ஒண்ணும் கொடும பண்றவங்க இல்லம்மா. நான்தான் சண்ட போட்டு இவள இன்ஜினியரிங் சேத்தேன். பொய் சொல்லாம இருந்தா போதும்னு ஒண்ணுதான் கேட்டேன்."

"நான் எதுலயும் சேரவே இல்ல மாமா," என்றாள் ஷமீமா. அதற்கு முன் எத்தனையோ முறை சொல்லியிருப்பாள் என்று குரலிலேயே தெரிந்தது.

ஜாபர் என்னைப் பார்த்தார். "சேந்திருக்காளா இல்லியா? ஒங்ககிட்ட பேப்பர் இருக்கும்ல?"

கோப்பை எடுத்தேன். டேக்கைத் தளர்த்தி, அவள் படிவத்தை விரித்து வைத்தேன். ஜாபர் குனிந்து பார்த்தார்.

"கையெழுத்து ஒன்னோடதுதான?"

ஷமீமா கிட்ட வந்து பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். அப்புறம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கையெழுத்து என்னோடது," என்றாள். "மத்தது என்னோடது இல்ல."

"அப்ப வேற யாரு எழுதுவா?" ஜாபர் கேட்டது அவளை. பதில் சொல்ல வேண்டியது நான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "படிவத்துல என்னா இருக்கோ, அதான் எங்களுக்குத் தெரியும்" என்றேன். அந்த வாக்கியம் இன்றைக்கும் என் காதில் கேட்கிறது. இதே வாக்கியத்தை எத்தனையோ பேரிடம் எத்தனையோ வருடமாகச் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் அவ்வளவு சுலபமாக வந்தது.

டி.சி. வாங்க ஒரு முறை உண்டு. முதலில் விடுவிப்புப் படிவம் ஒன்று வாங்க வேண்டும். அதில் ஒன்பது இடம். நூலகம், இயற்பியல் கூடம், வேதியியல் கூடம், பட்டறை, வரைபடக் கூடம், கணினிக் கூடம், உடற்கல்வி, துறைத் தலைவர் என்று எட்டு இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வர வேண்டும். ஒன்பதாவது மாணவர் பிரிவு, அதாவது நான். அதற்கு அப்புறம்தான் டீன். கல்லூரியை ஒரு சுற்றுச் சுற்றாமல் முடியாது. ஒரு இடத்தில் ஆள் சாப்பிடப் போயிருப்பார், இன்னொரு இடத்தில் முத்திரை பூட்டிய அலமாரியில் இருக்கும்.

அந்தப் படிவத்தை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். "எட்டு எடத்துல வாங்கிட்டு வாங்க" என்று சொன்னேன். இருவரும் போனார்கள்.

ஜன்னலிலிருந்து பார்த்தால் நூலகம் தெரியும். ஜாபர் முன்னால் நடந்தார். அவள் பத்தடி பின்னால். நூலகத்திலிருந்து வெளியே வந்தார்கள், ஆய்வுக்கூடக் கட்டடத்துக்குப் போனார்கள். நான் பஸ் பாஸ் விண்ணப்பங்களைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். ஒரே விண்ணப்பத்தை நாலு தடவை பார்த்தேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன், மறுபடி மறுபடி ஜன்னலில் நின்று பார்த்தேன். உட்கார்ந்தேன். இப்போதே சொல்லிவிடலாம் என்று ஒரு மனசு. சொன்னால் வேலை போகும் என்று ஒரு மனசு. போய் ஓடிப் பிடித்துச் சொல்லியிருக்கலாம். இருநூறு அடி தூரம்தான். போகவில்லை. கோபம் கோபமாக வந்தது. அந்தப் பெண்மேல், ஒரு டிக் போட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா என்று. டீன்மேல், அவர் விரல்மேல். படிவத்தில் அந்தக் கேள்வியை வைத்தவன்மேல். எல்லோர்மேலும் வந்தது, என்மேல் மட்டும் வர நேரமாயிற்று.

மத்தியானம் மூன்று மணி சுமாருக்குத் திரும்பி வந்தார்கள். எட்டுக் கையெழுத்தும் இருந்தன. ஷமீமா படிவத்தை என் முன் வைத்தாள். வரைபடக் கூடத்தில் கையெழுத்துப் போட்டவர் அதோடு நிறுத்தாமல், 'சனிக்கிழமை தோறும் பயிற்சி செய்யும் நல்ல மாணவி, ஏன் போகிறாள்?' என்று ஓரத்தில் எழுதியிருந்தார். ஜாபர் அதைப் படித்திருந்தார். குழம்பிப் போய் நின்றார். "டிராயிங் சார் இப்படி எழுதறாரு. ஒங்க லெட்டர் அப்படிச் சொல்லுது. எத நம்பறது?"

ஒன்பதாவது இடத்தில் பேனாவை வைத்தேன். போட முடியவில்லை.

"டிராயிங் சார் எழுதினதுதான் நெஜம்," என்றேன். "அந்தப் படிவத்துல இலக்குக் கட்டத்துல எழுதினது நான். டிக் போட்டதும் நான்தான். இவ எழுத மாட்டேன்னு சொன்னா. மூணு தடவ சொன்னா."

ஜாபருக்குப் புரிய சிறிது நேரம் ஆனது. "நீங்களா? ஏம்மா?"

"கட்டம் காலியா இருக்கக் கூடாதுன்னு."

"அதுக்காகவா?"

"அதுக்காகத்தாங்க."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஷமீமாவைத் திரும்பிப் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "நேத்து இவள அடிச்சிட்டேன்மா," என்றார். "இதுவரைக்கும் கை வச்சதே இல்ல."

ஷமீமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூவருமாக டீன் அறைக்குப் போனோம். நான் நின்றபடியே சொன்னேன். அவர் முதலாண்டுப் படிவத்தை வாங்கி மேசைமேல் வைத்தார். திருப்பவில்லை. விரலும் வைக்கவில்லை.

"தெரியும்," என்றார்.

"என்னா சார் தெரியும்?"

"நீங்க எழுதினதுன்னு. ஒங்க எழுத்து எனக்குத் தெரியாதா ஸ்டெல்லாம்மா? அந்த 'ழ' ஒண்ணே போதாதா?"

"அப்ப எதுக்கு சார் கையெழுத்துப் போட்டீங்க?"

ஜன்னலைப் பார்த்தார். "கட்டம் நெறஞ்சிருந்துச்சு."

அவரோடு பதினைந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவர் முன்னால் உட்கார்ந்தேன். கேட்காமல் உட்கார்ந்தேன்.

கடிதம் தவறாக அனுப்பப்பட்டது என்று எழுதித் தருவதாகச் சொன்னார். 'நிர்வாகக் காரணங்களால் ஏற்பட்ட பிழை' என்று அவர் சொல்லச் சொல்ல அடித்துக் கொண்டுவந்தேன். ஜாபர் படித்துவிட்டு மேசைமேல் வைத்தார்.

"நிர்வாகக் காரணம்னா என்னா சார்? இவ அத்தாவுக்கு இத நான் அனுப்பணும். அவரு கேட்டா நான் என்னான்னு சொல்லுவேன்? யாரு எழுதுனாங்க, இவ எழுதலன்னு போடுங்க. எழுத்துல வந்தத எழுத்துலயே எடுங்க."

டீன் என்னைப் பார்த்தார். நான் வேறு காகிதம் எடுத்து, 'அலுவலகப் பணியாளர் ஒருவரால் மாணவியின் சம்மதமின்றி எழுதப்பட்டது. மாணவி எந்த மன்றத்திலும் சேரவில்லை. அவர் மீது எந்தத் தவறும் இல்லை' என்று அடித்தேன். பச்சை மையில் கையெழுத்து விழுந்தது. இரண்டு நகல். ஜாபர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். என் மேசையிலிருந்து எடுத்து வந்திருந்த விடுவிப்புப் படிவத்தை என்னிடம் திருப்பித் தரவில்லை. நாலாகக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, "நாளைக்கு கிளாசுக்கு வருவா," என்றார்.

எனக்கு ஒரு குறிப்பாணை வந்தது. வந்தது என்று சொல்வதுகூடப் பொருந்தாது. அன்றைக்கு இன்னொரு தட்டச்சர் விடுப்பு. 'தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது' என்று என்னைக் கேட்கும் கடிதத்தை நானே அடித்து, நானே எண் போட்டு, டீனிடம் கையெழுத்து வாங்கி, நானே எனக்குக் கொடுத்து, பெற்றுக்கொண்டேன் என்று நானே ஒப்பமிட்டேன். பதிலையும் அடித்தேன். எச்சரிக்கையோடு விட்டார்கள். எழுதியவளுக்கு எச்சரிக்கை. பார்த்துவிட்டுப் பச்சை மை வைத்தவருக்கு ஒன்றுமில்லை. அதைப் பற்றி நினைத்தால் இப்போதும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ஆனாலும் எழுதியது என் கைதான்.

ஷமீமா படித்தாள். என்னோடு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. மரியாதைக் குறைவு இல்லை. எதிரில் பார்த்தால் "குட் மார்னிங் மேடம்" என்பாள், நிற்க மாட்டாள். அதற்குப் பிறகு அவள் எங்கள் பிரிவில் கொடுத்த எல்லாப் படிவத்திலும், நிரப்பாமல் விட்ட இடத்தில் எல்லாம் ஒரு குறுக்குக் கோடு போட்டிருப்பாள். ஸ்கேல் வைத்து, இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு. வேறு யாரும் எதுவும் எழுதிவிடாதபடி. ஒவ்வொரு தடவை அந்தக் கோட்டைப் பார்க்கும்போதும் எனக்குச் சுருக்கென்று இருக்கும். டீன் அந்தப் படிவங்களைத் திருப்பி அனுப்பவில்லை.

சனிக்கிழமைகளில் வரைபடக் கூடத்துக்குப் போவதை அவள் விடவில்லை. இரண்டாம் ஆண்டில் அவளோடு முதலாண்டுப் பிள்ளைகள் சிலர் உட்கார ஆரம்பித்தார்கள். பரங்கிப்பேட்டை, காட்டுமன்னார்கோயில் பக்கமிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர்கள். வீட்டில் வரைபலகை வைக்க இடமில்லாதவர்கள், மன்றங்களுக்கு நின்றால் பஸ்ஸை விட்டுவிடுகிறவர்கள். பன்னிரண்டரைக்கு வகுப்பு முடிந்ததும் போய் மூன்றரைக்கு எழுந்துவிடுவார்கள். அவள் சொல்லிக் கொடுப்பாள், அவர்கள் வரைவார்கள். நான்காம் ஆண்டில் கூடத்தில் இடம் போதாமல் வராந்தாவில் பெஞ்சு போட வேண்டியிருந்தது. முதலாண்டில் வரைபடத் தாளில் தேறாதவர்கள் அந்த வருடம் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்குக் குறைந்துபோனார்கள் என்று வரைபட ஆசிரியர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

டீன் காதுக்கு இது போனது. அவருக்கு ஒரே மகிழ்ச்சி. 'பொறியியல் வரைபட மன்றம்' என்று பெயர் வைத்து, பன்னிரண்டாவது மன்றமாகப் படிவத்தில் சேர்த்துவிடலாம், அவளையே தலைவியாகப் போடலாம் என்றார். என்னை விட்டுக் கூப்பிட்டு அனுப்பினார். அவள் வந்தாள், கேட்டாள்.

"வேணாம் சார்."

"ஏம்மா? நல்ல விஷயம்தான?"

"பேரு வச்சா அட்டெண்டன்ஸ் வைப்பீங்க சார். அட்டெண்டன்ஸ் வச்சா வீட்டுக்கு லெட்டர் போடுவீங்க. அப்புறம் பஸ்ஸுல வர்ற பிள்ளைங்க யாரும் வராது."

எனக்கு அங்கே நிற்கவே கூச்சமாக இருந்தது. மன்றம் பதினொன்றாகவே இருந்தது.

படிப்பு முடிந்து சான்றிதழ் வாங்க அவள் வந்த நாள் கூட்டமான நாள். விடுவிப்புப் படிவத்தில் எட்டுக் கையெழுத்தோடு வந்தாள். ஒன்பதாவதைப் போட்டுவிட்டு, "அடுத்து என்னா செய்யப்போற?" என்று கேட்டேன். சிதம்பரத்தில் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் வரைவாளராக வேலை கிடைத்திருக்கிறது என்றாள். மாமாதான் தினமும் பைக்கில் கொண்டுவந்து விடப்போகிறார் என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

நான்கு வருடமாக நான் சொல்லாத ஒன்று இருந்தது. அவள் மாமாவிடம் சொன்னேன், டீனிடம் சொன்னேன், கடிதத்தில் அடித்தேன், குறிப்பாணைக்குப் பதிலில் எழுதினேன். அவளிடம் சொன்னதில்லை.

"ஷமீமா, அன்னிக்கு நான் பண்ணது தப்பு. மன்னிச்சிடும்மா."

அவள் சான்றிதழை உறையில் போட்டுக்கொண்டிருந்தாள். நிறுத்தினாள்.

"லெட்டர் வந்ததுகூட எனக்கு அவ்ளோ கஷ்டமா இல்ல மேடம்," என்றாள். "எட்டு எடத்துக்குக் கையெழுத்து வாங்கப் போனோம்ல, ஒவ்வொரு எடத்துலேந்து வெளிய வரும்போதும் திரும்பித் திரும்பி ஒங்க ஜன்னலப் பாத்தேன். இப்ப வந்துடுவாங்க, சொல்லிடுவாங்கன்னு. நீங்க நின்னு பாத்துக்கிட்டே இருந்தீங்க."

அவளுக்குப் பின்னால் வரிசை நீளமாக இருந்தது. அவள் உறையைப் பையில் வைத்தாள், "வரேன் மேடம்" என்றாள், போனாள். நான் எழுந்து ஜன்னலுக்குப் போகவில்லை.